கணுக்கால் துணைக்குழுவும் நாற்பத்திரண்டு யானைகளும்

நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு விதிப்புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்காகத் தொடர்ந்து ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த வீரர்கள் ஊரப்பாக்கத்தில்தான், அதுவும் பொன்னியம்மன் நகரில் மட்டும்தான் இருக்கிறார்கள்.

அவர்களுடைய அமைப்பின் பெயர் ‘தென்புறநகர் மேசைப்போர்க் கழகம்’. வீட்டுக்கு ஒருவராக இருபத்தேழு உறுப்பினர்கள். விரலளவுப் பொம்மைப் படைகளுக்கு வர்ணம் தீட்டி, ஆறடி மேசையில் நிறுத்தி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பகடை உருட்டிப் பேரரசுகளைக் கவிழ்ப்பது இவர்கள் தொழில். வயிற்றுப்பாட்டுக்காக வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கும் போய் வருவார்கள். தலைவர் பொன்னுரங்கம். நகர் முழுவதும் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல். மனை போட்டு விற்றதுபோக மிஞ்சிய இடத்தில் கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் அதன் பந்திக்கூடம்தான் போர்க்களம்.

செயலாளர் பரணி நாற்பத்திரண்டு யானைகளுக்கு அதிபதி. மூன்று வருடம் உட்கார்ந்து, ஒவ்வொரு யானையின் நகத்துக்கும் தனித்தனியாக வெள்ளை தீட்டியவன். கழுத்தில் அமர்ந்திருக்கும் பாகனுக்கு மீசைகூட வைத்திருந்தான். யானைகளோடு ஆற்றைக் கடந்துபோய் எதிரியைப் பின்பக்கமாக அடிப்பது அவனுடைய போர்த்தந்திரம். வேறு தந்திரம் அவனுக்குத் தெரியாது. அதுவரை தேவைப்படவும் இல்லை.

அப்போதுதான் இந்த விளையாட்டுக்கு விதி எழுதும் கடல் கடந்த கம்பெனி, விதிப்புத்தகத்தின் ஆறாம் பதிப்பை வெளியிட்டது. ஓரம் வெட்டுப்பட்ட ஒரு போட்டோ பரணியின் போனுக்கு வந்து சேர்ந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்: ‘கணுக்காலுக்கு மேல் நீர் உள்ள இடத்தை யானைகள் கடக்கா.’

பரணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அவசரப் பொதுக்குழு கூடியது. புதிய பதிப்பை யாரும் வாங்கக் கூடாது, தொடக்கூடக் கூடாது என்று பொருளாளர் விக்கி கொண்டுவந்த ‘பகிஷ்காரத் தீர்மானம்’ கைதட்டலோடு நிறைவேறியது. புத்தகத்தைப் படிக்காமலே அதன் குற்றங்களை இவ்வளவு துல்லியமாக எடுத்துவைக்கும் ஆற்றலை இவர்களிடம்தான் கற்க வேண்டும்.

“கணுக்கால்னா யார் கணுக்கால்? ஆனையோடதா, ஆளோடதா? ஒண்ணும் போடலியே” என்றார் பொன்னுரங்கம்.

“ஆனைக்குக் கணுக்கால் எங்கண்ணா இருக்கு? மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே தூணு” என்றான் விக்கி.

“அப்பால இன்னா. இல்லாத கணுக்காலுக்கு ரூல் போட்டுக்கிறான். செல்லாது.”

“செல்லாதுன்னு நாம சொன்னா போதுமாண்ணா? கம்பெனி சொல்லணும்” என்றான் பரணி. “நாப்பத்திரண்டு யானைண்ணா. கரையில நிக்கவா பெயிண்ட் அடிச்சேன்?”

ஐவர் கொண்ட ‘கணுக்கால் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. அது நான்கு ஞாயிறு கூடி, யானைப் பொம்மையின் கால்களை அளந்து, கணுக்கால் என்பது தரையிலிருந்து மூன்று மில்லிமீட்டர் என்று இடைக்கால அறிக்கை தந்தது. இருவர் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார்கள்.

இதே காலத்தில் பரணியின் மனைவி மகாலட்சுமி ஓர் அற்ப விஷயத்தைப் பிடித்துக்கொண்டு அலைந்தாள். கார்த்திகை மாத மழை விட்டு ஆறு வாரமாகியும் தெருவில் தண்ணீர் வடியவில்லை. பச்சை நிறம் ஏறி, சாக்கடையும் கலந்து, வீட்டு வாசல் வரை நின்றது.

“ஸ்கூல் வேன் இனிமே உள்ள வராதாம்” என்றாள் ஒருநாள். “தண்ணி கணுக்காலுக்கு மேல இருக்காம்.”

பரணி நிமிர்ந்தான். “எவ்ளோ இன்ச்?”

“என்னது?”

“இல்ல, வேனே வரமாட்டேங்குது. ஆனா ஒரு யானை இருந்தா வந்திருக்கும் பாரு. இதைக் கம்பெனிக்கு எழுதற லெட்டர்ல சேர்த்துக்கலாம்.”

அன்றுமுதல் மகாலட்சுமி, இரண்டாம் வகுப்பு படிக்கும் ஓவியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு வரை நடந்தாள். பரணியும் சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிறுதோறும் யானைப் பெட்டியைத் தலைமேல் வைத்து, போட்டிருந்த செங்கற்கள்மேல் கால் மாற்றி மாற்றி, ஒரு யானையின் மேலும் ஒரு சொட்டுப் படாமல் மண்டபம் சேர்ப்பான்.

தெருவை அளந்து தண்ணீர் வடிய வழி செய்யச் சொல்லி, மகாலட்சுமி தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுபோனாள். “மூணு கையெழுத்துக்கெல்லாம் சர்வேயர் வரமாட்டாரும்மா. கொறஞ்சது இருபத்தஞ்சு வீடாவது போடணும்” என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் வீடு வீடாக ஏறினாள். “ஞாயித்துக்கிழமை பாக்கலாம் சிஸ்டர்” என்றார்கள் எல்லோரும். ஞாயிற்றுக்கிழமை போர் இருந்தது. பரணிகூட, “இந்தக் கணுக்கால் மேட்டர் முடியட்டும்” என்றுதான் சொன்னான்.

மகாலட்சுமிக்குத் தாம்பரத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் டைப்பிஸ்ட் வேலை. சொந்த வீட்டை விற்கிறவர்கள்கூடப் பத்திரத்தைப் படிக்காமல், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுவதைப் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவள். கம்பெனிக்கு அனுப்பும் ‘கண்டனக் கடிதத்தை’ டைப் செய்யும் பொறுப்பைக் கழகம் அவளுக்கே தந்தது.

ஒன்பதாவது ஞாயிறு கடிதத்தோடு மண்டபத்துக்கு வந்தாள். “எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்து வேணும் சார். எங்க ஆபீஸ் வழக்கம். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.”

“பரணி எய்தினா நான் கண்ண மூடிகினு போடுவேன்மா” என்று பொன்னுரங்கம் முதல் ஆளாகப் போட்டார். அடுத்துப் பரணி போட்டு, கழகத்தின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்தினான். பதினான்கு பக்கம் ஆங்கிலம். பதினைந்தாவது பக்கம் தமிழில் இருந்தது. அது தமிழ் என்பது அவன் கண்ணில் பட்டதுதான். ஆனால் அந்த நேரம் பார்த்து விக்கி, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே உள்ள பகுதியின் சட்ட நிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். இருபத்தேழு பேரும் கையெழுத்திட்டார்கள்.

பதினெட்டாம் நாள் சர்வேயர் வந்து சங்கிலி பிடித்தார். மறுவாரம் ஜேசிபி வந்தது. பந்திக்கூடத்தின் பின்னால், முந்நூறு பேர் வரிசையாக நின்று கைகழுவும் இடத்தை இடித்துத் தள்ளியது. அதன் அடியில் ஒரு வாய்க்கால் இருந்தது. சாயங்காலத்துக்குள் தெருத் தண்ணீர் மொத்தமும் வடிந்து, செங்கற்கள் மட்டும் அனாதையாகக் கிடந்தன. அடுத்த நாள் வேன் வாசல் வரை வந்தது.

மீண்டும் அவசரப் பொதுக்குழு. பொன்னுரங்கம் மனுவின் நகலை வாங்கி வந்திருந்தார்.

“எவன்டா புகார் குட்த்ததுன்னு போய்ப் பாக்கறேன். மொதல் கையெய்த்தே என்னுது.” அவர் கோபத்தைவிடக் குழப்பத்தில்தான் இருந்தார். “எங்கப்பா காலத்துல அங்க வாய்க்கா இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நானே என் பேர்ல கம்ப்ளெயிண்ட் குட்த்துக்கினா என்னிய வூட்ல சேப்பாங்களா?”

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கன்னு சொன்னேனே சார்” என்றாள் மகாலட்சுமி.

“சொன்னம்மா. அதான் பேஜாரா கீது.”

அவர் மனுவை உரக்கப் படித்தார். ‘இரண்டாம் வகுப்புக் குழந்தையை இடுப்பில் சுமந்தபடி, கணுக்காலுக்கு மேல் நிற்கும் கழிவுநீரை நாள்தோறும் கடந்து செல்கிறோம்’ என்ற வரி வந்தபோது பரணி தலையைக் குனிந்துகொண்டான். ஒன்பது வாரம் கணுக்காலைப் பற்றியே பேசியவனுக்கு, பெண்டாட்டியின் கணுக்கால் ஞாபகம் வரவில்லை. வெட்கமாக இருந்தது.

விக்கி மெல்லத் தொண்டையைச் செருமினான். “இன்னொரு விஷயம். அந்தப் பக்கத்துல கடைசி வரி போட்டோவுல வெட்டுப்பட்டுப் போச்சு. ‘பாகன் இல்லாவிட்டால்’னு இருக்கு. பாகன் இருந்தா யானை தாராளமா ஆத்தைத் தாண்டலாம்.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டான் பரணி.

“புக்கு வந்த அன்னிக்கே வாங்கிட்டேன்” என்றான் பகிஷ்காரத் தீர்மானம் கொண்டுவந்த விக்கி. “கடைசி வரியை நேத்துதான் பாத்தேன்.”

கழகம், தனக்கே உரிய பெருந்தன்மையோடு தன் பிழையை ஒப்புக்கொண்டது. ‘இனி எந்தத் தாளையும் முழுமையாகப் படிக்காமல் உறுப்பினர் எவரும் கையெழுத்திடக் கூடாது’ என்று தீர்மானம். பக்கத்து அறையில் உட்கார்ந்து மகாலட்சுமி அதை டைப் செய்து வந்தாள். “எல்லாப் பக்கத்துலயும் வேணும் சார்.”

பொன்னுரங்கம் கையெழுத்திட்டு நகர்த்தினார். பரணி முதல் தாளைத் தூக்கினான். அடியில் இன்னொரு தாள். ‘எங்கள் நகரில் தெருவிளக்குகள் எரிவதில்லை. டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகள்…’

மனைவியைப் பார்த்தான். அவள் ஜன்னல் வழியே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்தான், கையெழுத்திட்டான், ஸ்டாம்பைக் குத்தினான், விக்கியிடம் தள்ளினான்.

ஒரு பக்கத்தை முழுதாகப் படித்துவிட்டு ஒருவர் கையெழுத்துப் போட்டது கழக வரலாற்றில் அதுவே முதல் தடவை. மற்ற இருபத்தாறு பேரும், படிக்காமல் கையெழுத்திடுவதைக் கண்டிக்கும் தீர்மானத்தில் படிக்காமலே கையெழுத்திட்டார்கள்.