பாபநாசம் வரை முறுக்கு வாசம்

அறுபத்தாறு வயதுக்காரன் மோட்டார் சைக்கிளில் ஏறினால் ஊரில் எல்லோரும் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். முழங்காலைப் பற்றி ஒருவர், முதுகெலும்பைப் பற்றி இன்னொருவர், ரத்த அழுத்தத்தைப் பற்றி மூன்றாமவர். பால் வாங்கிவிட்டுத் திரும்புவதற்குள் எனக்குச் சராசரியாக நான்கு ஆலோசனைகள் கிடைக்கின்றன. (எண்ணியிருக்கிறேன். தணிக்கை வேலை பார்த்தவனுக்கு எண்ணாமல் இருக்கத் தெரியாது.) இதற்கெல்லாம் கோபப்படக் கூடாது என்கிறாள் என் மனைவி காந்திமதி. வேறு எதற்குத்தான் கோபப்படுவது?

வண்டி, நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. ஜப்பான் எஞ்சின், நூறு சிசி, டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு எண்ணெயும் சேர்த்துக் குடிக்கும் ரகம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பர் கட்டுகளுக்குத் தூணாகப் பல வருடம் நின்றது. ஓய்வு பெற்றதும் அதை வெளியே இழுத்தேன். மேலப்பாளையம் மெக்கானிக் சாகுல் பாய் அதைக் கழற்றிச் சாக்கில் பரப்பியபோது ஒவ்வொரு சாமானாக எண்ணி எழுதி வைத்துக்கொண்டேன். புது பிஸ்டன், புது கிளட்ச், டாங்கிக்குக் கறுப்பு வர்ணம். அதோடு விட்டேனா? முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், எல்.இ.டி. விளக்கு, காந்திமதி சாய்ந்துகொள்ள முதுகுத் தாங்கி என்று வசதிகளையும் ஏற்றினேன். எண்ணெயைத் தானாகவே கலந்து அனுப்பும் பம்ப் ஒன்று அதில் உண்டு. அதை மட்டும் பிடுங்கி எறியச் சொன்னேன். எத்தனை சொட்டு விழுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாத சாமானை எப்படி நம்புவது?

“அண்ணாச்சி, ஜப்பான்காரன் மேலயே சந்தேகமா?” என்றார் சாகுல் பாய்.

“எல்லாவன் மேலயும்தான்” என்றேன். அன்றிலிருந்து லிட்டருக்கு இருபத்தைந்து மில்லி எண்ணெயை இருமல் மருந்து மூடியில் அளந்து நானே பெட்ரோலில் ஊற்றினேன்.

பெங்களூரிலிருக்கும் மகனுக்கு இது பிடிக்கவில்லை. “அப்பா, அத வித்துருங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் நல்ல விலைக்குக் கேக்கான். உங்களுக்கு சார்ஜ் போடுத ஸ்கூட்டர் வாங்கித் தாரேன்” என்று ஞாயிறுதோறும் போனில் ஓதினான். ராத்திரி முழுக்கச் சுவரில் மாட்டி வைக்க நான் என்ன செல்போனா ஓட்டப் போகிறேன்? கத்தினேன். அவனும் கத்தினான். கடைசியில் காந்திமதி பஞ்சாயத்து பண்ணினாள்.

“ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போவணும்லா? இதுலயே போவோம். வழியில நிக்காமப் போயிட்டு வந்துட்டா வண்டி இங்கனயே கெடக்கட்டும். நின்னுச்சு, மறுநாளே ஆபீஸ்காரனுக்குத் தூக்கிக் குடுத்துரணும். ரெண்டு பேரும் அதுக்கப்புறம் வாயத் தொறக்கக் கூடாது.”

ஒப்புக்கொண்டேன். என் வண்டி நிற்கும் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அமாவாசைக்கு முந்தின நாள் எண்ணெய்ப் பிரச்சினை வந்தது. கோயிலில் விளக்கேற்ற காந்திமதி நல்லெண்ணெயைத் தூக்குச் சட்டியில் எடுத்து வைத்தாள். தூக்குச் சட்டி ஒழுகும், பை நாசமாகும் என்று சத்தம் போட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட வெள்ளைப் புட்டிகள் இரண்டு வாங்கி வந்தேன். ஒன்றில் செக்கு நல்லெண்ணெய். இன்னொன்றில் வண்டி எண்ணெய். ஒரே மாதிரிப் புட்டி, ஒரே மாதிரி மூடி. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதினேன். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

மறுநாள் சேரன்மகாதேவி பங்கில் பெட்ரோல் போட நிறுத்திப் பையைத் திறந்தால், முத்தெழுத்துக் காகிதங்கள் இரண்டும் கழன்று பைக்குள் எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தன. புது மூடிகள் ஒழுகியிருந்தன. (மூடி செய்தவனை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.) சாகுல் பாய் தந்த வண்டி எண்ணெயும் தேன் நிறம், செக்கு எண்ணெயும் தேன் நிறம். இரண்டையும் முகர்ந்து பார்த்தேன். ஒன்றிலும் வாசனை இல்லை. எனக்கு ஆச்சரியமே இல்லை. கொஞ்ச காலமாகவே நாட்டில் எதிலும் வாசனை கிடையாது. பெருங்காயத்தில் இல்லை, மல்லிகைப் பூவில் இல்லை. காப்பித்தூள் கடைக்காரரோடு இரண்டு முறை சண்டை போட்டுவிட்டேன். காந்திமதியின் ரசத்தைப் பற்றித் தினமும் ஒரு ஆட்சேபம் எழுப்பி வந்தேன். எல்லாம் கலப்படம். செக்குக்காரனும் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

“எதுக்கும் நான் ஒரு தடவ மோந்து பாக்கட்டா?” என்றாள் காந்திமதி.

“காலம் பூரா ஆடிட் பாத்தவனுக்கு ரெண்டு புட்டியப் பிரிக்கத் தெரியாதாக்கும்?”

“அண்ணாச்சி, பின்னால வரிசை நிக்கி. பேசாம ஊத்தும்” என்றார் பங்க்காரர்.

“நிக்கட்டும் வே. நான் என்ன கடனுக்கா போடுதேன்?” என்று அவரையும் ஒரு வாங்கு வாங்கிவிட்டு, வலதுபக்கப் புட்டியைத் திறந்து, மூடியில் அளந்து, மில்லி பிசகாமல் ஊற்றினேன்.

வண்டி அருமையாகக் கிளம்பியது. வீரவநல்லூர் தாண்டும்போது காந்திமதி பின்னாலிருந்து சொன்னாள்:

“என்னங்க, எங்கயோ முறுக்கு சுடுதாவ.”

“அமாவாசை. சுடுவாவ.”

கல்லிடைக்குறிச்சி வந்தது. “இங்கயும் சுடுதாவ.”

“இது அப்பள ஊரு. அப்பளம் பொரிப்பாவ.”

“அப்பளத்துக்கும் முறுக்குக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா?”

அம்பாசமுத்திரத்துக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் தாமிரபரணி, வயல், வாழை. ஆள் நடமாட்டமே இல்லை.

“ஆத்துக்கு மேல யாருங்க முறுக்கு சுடுதா?”

“காத்துல வரும். வாய மூடிட்டு வா.”

பின்னால் வந்த வண்டியில் இரண்டு பயல்கள் எங்களை ஒட்டி வந்தார்கள். “பாட்டையா, சைலன்சர்ல கேன்டீன் நடத்துதீரா? ரெண்டு பார்சல் கட்டும்!” என்று கத்திவிட்டு ஓடினார்கள். விரட்டிப் பிடிக்கலாம் என்றால் காந்திமதி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விக்கிரமசிங்கபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். வண்டியின் அழகைப் பார்க்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மூன்று நாய்கள் குரைக்காமல், வாலை ஆட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தன. அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பாபநாசத்தில் தலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரியவில்லை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டுப் படித்துறையில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தேன். கோயிலில் விளக்கேற்றப் போன காந்திமதி, இன்னொரு புட்டியைக் கையில் பிடித்தபடி வந்தாள். மூக்கின் நுனியில் கரி.

“வெளக்கு கரும்புகையாக் கக்குது. பக்கத்துல நின்ன பொம்பள, ‘லாரி வந்து நின்ன மாதிரில்லா நாறுது, என்ன எண்ணெய்க்கா இது’ன்னு கேக்கா. மோந்து பாருங்க.”

முகர்ந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆனால் அப்படிச் சொன்னால், மட்ட எண்ணெய் வாங்கி ஏமாந்தவன் நான் என்றாகிவிடும்.

“செக்கு நல்லெண்ணெய்தான். கம்முனு மணக்குதே!”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தலையிலிருந்த பூவை எடுத்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள். “இது?”

“பூ.”

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க.”

மூடினேன். எவ்வளவு இழுத்தும் வெறும் காற்றுதான் வந்தது. கலப்படம் நாட்டில் இல்லை, என் மூக்கில் இருக்கிறது என்பதை அந்தப் படித்துறையில், ஈர வேட்டியோடு, ஊரார் முன்னிலையில் தெரிந்துகொண்டேன்.

விளக்குக்குப் போனது வண்டி எண்ணெய் என்றால் டாங்கிக்குள் இருப்பது நல்லெண்ணெய்; அதைக் காலி செய்துவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் மெக்கானிக் கடையில் நிறுத்தினால் வண்டி நின்றதாகக் கணக்கு. மகன் ஜெயித்துவிடுவான். “ஜப்பான் எஞ்சின். எதையும் தாங்கும்” என்று மிதித்தேன். ஏழாவது மிதியில் கிளம்பியது. வழியெல்லாம் புகைபோட்டுக்கொண்டு அம்பாசமுத்திரத்தைத் தாண்டி, அதே ஆற்றுப் பாலத்தின் நடுவில் இருமி, விக்கி, நின்றது. பிறகு எழுபது மிதிக்கும் அசையவில்லை.

திருப்பி அம்பைக்கே, அதாவது அம்பாசமுத்திரத்துக்கே, தள்ளினோம். நான் ஹாண்டில்பாரில், அவள் பின்னால். கோபத்தில் நான் மூடி செய்தவனை, பங்க்காரரை, ஜப்பான்காரனை வரிசையாகத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

“எப்ப இருந்து இப்படி?”

“தெரியல. அந்தக் காச்சலுக்கு அப்புறமா இருக்கும்.”

“ரெண்டு வருஷம்” என்றாள். “ரெண்டு வருஷமா ரசத்துல வாசம் இல்ல, வாசம் இல்லன்னு தட்டத் தள்ளுனிய. எனக்குத்தான் கைப்பக்குவம் போயிட்டுன்னு நெனச்சேன். அக்காகிட்டக்கூட போன்ல கேட்டு, புதுசாப் படிச்சேன் ரசம் வைக்க.”

திட்டுவதற்கு இனி ஆள் மிச்சமில்லை. குனிந்து தள்ளினேன்.

அம்பை மெக்கானிக் டாங்கியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்கினார். “அண்ணாச்சி, இது அதிரச வாசம்லா?” என்றார். கடையில் இருந்த அத்தனை பேரும் வந்து முறை வைத்து முகர்ந்துவிட்டுப் போனார்கள். அவர் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது காந்திமதி மகனுக்குப் போன் போட்டாள். என் வண்டிக்குச் சாவுமணி என்று நினைத்தேன்.

“நின்னுட்டுலே. ஆனா குடுக்க வேண்டாம். நல்லெண்ணெய ஊத்தியும் எங்களப் பாபநாசம் கொண்டுபோய்ச் சேத்துட்டு. அது மேல ஒரு குத்தமும் இல்ல. அப்பா மூக்குலதான் கோளாறு. அத உன் ஆபீஸ்காரன் வாங்குவானான்னு கேளு.”

எதிர்முனையில் அவன் சிரித்து முடிக்கும்வரை அவள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

வண்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் காந்திமதி வந்து முகர்ந்து தலையாட்ட வேண்டும். அவள் குளித்துக்கொண்டிருந்தால் நான் வாசலில் மூடியோடு காத்து நிற்கிறேன். மகன் வரும்போதெல்லாம் சைலன்சர் பக்கம் குனிந்து, “அம்மா, ஒரு ஈடு முறுக்கு வெந்துட்டு, எடுத்துரலாமா?” என்கிறான். தெருவில் அதற்கு முறுக்கு வண்டி என்றே பெயர் விழுந்துவிட்டது. தபால்காரர்கூட அதைச் சொல்லித்தான் வீட்டை அடையாளம் கேட்கிறார்.

எனக்கு ஆத்திரம் அதில் இல்லை. காந்திமதி முறுக்கு என்கிறாள், அம்பை மெக்கானிக் அதிரசம் என்றார், நாய்களுக்கும் அதில் ஒரு கருத்து இருந்திருக்கிறது. சேரன்மகாதேவியிலிருந்து பாபநாசம் வரை ரோட்டில் இருந்த அத்தனை பேரும் முகர்ந்து ரசித்த வாசனை எப்படி இருந்தது என்று, அளந்து ஊற்றிய எனக்கு மட்டும் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.