குரியாக்கோஸ் துருவோடு பொருத படலம்

கொச்சிக் காயலின் உப்புக்காற்றே, நீயே சாட்சி! இரும்பு தின்னும் செம்மேனித் துருவரக்கனைத் தளிரொன்றால் வெல்லத் துணிந்த தீரன், மூக்கில் வழுக்கும் கண்ணாடியை நாளுக்கு முந்நூறு முறை ஏற்றும் விரலோன், காயலோரப் படகுப் பணிமனையின் வேதியியலாளன் குரியாக்கோஸ் வாழ்க!

இல்லாளின் மிக்சியைக் கவர்ந்து வந்து, அவள் சட்னியின்றிச் சினந்திருக்க, கொல்லைக் கொய்யாவை மொட்டையடித்து அரைத்துக் காய்ச்சி வடித்த பசுஞ்சாற்றை, உப்புநீர் நிறைந்த ஊறுகாய்ப் புட்டியொன்றில் அவ்வீரன் பெய்தான். பக்கத்துப் புட்டியில் வெறும் உப்புநீர். பளபளக்கத் தேய்த்த இரும்புத் தகடுகள் இரண்டு, புட்டிக்கு ஒன்றாய்க் களமிறங்கின. சாற்றில் கிடப்பது பிழைக்கவேண்டும். வெறுநீரில் கிடப்பது துருவேறி மடியவேண்டும். ஏழு நாளில் அது நடவாதேல் ஆய்வுமேசையைத் துறந்து ஆணிக்கிடங்குக்குப் போவாயாக என்று மேலாளர் மேரிக்குட்டி முழங்கியிருந்தாள். பன்னிரண்டு ஆண்டு அமர்ந்த மேசை அது.

ஆகவே வெறுநீர்ப் புட்டியின்முன் நாள்தோறும் குனிந்து, இந்த ஒன்றையாவது கடித்துவிடு என்று பகைவனிடமே மன்றாடினான் அந்த மானமறவன். அரக்கனோ எட்டிப் பார்க்கவில்லை. ஏழாம் நாள் இரு தகடுகளும் புதுமணப்பெண்களெனப் பளபளத்தன.

"வெறுந்தண்ணியே போதும் போல, குரியாக்கோஸே. கொய்யாவ எதுக்குக் கொன்னீங்க?" என்றாள் மேரிக்குட்டி.

வீரனின் தோள் சரிந்தது. கிடங்குச் சாவி கண்முன் ஆடியது. அவ்வேளை, அன்றாடம் மேசை துடைக்கும் ஓமனா சேச்சி, துடைப்பத்தைச் செங்கோலென ஊன்றி, பணிமனையோர் கூடிய அவைமுன் நின்றாள்.

"தண்ணில போடுறதுக்கு முன்னாடி நாந்தான் சாரே அந்த வெறுந்தண்ணித் தகட்டுல தேங்காயெண்ண தடவினேன். வீட்ல வெட்டுக்கத்திய அப்படித்தான வைப்போம். வெறும் இரும்பப் பாத்தா கை சும்மா இருக்காது. ஒண்ணு முடிச்சதும் நீங்க வந்துட்டீங்க, இன்னொண்ணுக்குத் தடவல."

அவை குலுங்கிச் சிரித்தது. மேரிக்குட்டியும் கண்ணீர் துடைத்துக்கொண்டே தீர்ப்புரைத்தாள்: "தென்னையும் மரந்தானே. இன்னும் ஒரு வாரம் தரேன். இந்தத் தடவ மூணு புட்டி வைங்க, மூணாவது தேங்காயெண்ண தடவின தகட்டுக்கு. சேச்சி மேசப் பக்கமே வரக்கூடாது."

மேசை பிழைத்தது! முரசுகள் அதிர்க, காயல் அலைகள் கைகொட்டுக, மொட்டைக் கொய்யாவே, மீண்டும் தளிர்த்துப் படைதிரட்டுக என்று எண்டிசையும் ஆர்ப்பரிக்க, களிப்பால் விம்மிய நெஞ்சினனாய் எழுந்தான் அம்மாவீரன்.

குரியாக்கோஸ் வீட்டுக்குப் போன் செய்து, மிக்சி இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றார்.