பச்சைப் புள்ளியும் உன் அக்காவின் தையல் மிஷினும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் இங்கே சௌக்கியம். சௌக்கியம் என்று எழுதியது மரியாதைக்காக. நிஜத்தில் தலைகால் புரியாமல் இருக்கிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே, அத்தானுக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பதறாதே. நடுங்குவது நான் இல்லை, மேஜை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போன் ஆபீஸ் கொடுத்தது. கம்ப்யூட்டரும் ஆபீஸ் கொடுத்தது, அதில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் நேராக அங்கே போய் நிற்கும். அதனால்தான் பேப்பரும் பேனாவும். பேப்பரை எவன் எட்டிப் பார்க்க முடியும்? அத்தான் மூளையைப் பார்த்தாயா!

நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். வண்டியை இடித்துக்கொண்டு இன்சூரன்ஸ் கேட்கிறவர்களின் பைலைப் படித்து, இது நிஜமா புளுகா என்று சொல்ல வேண்டும். நசுங்கிய கதவின் போட்டோவைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் யோசித்தால்தான் பிடிபடும். இப்படி யோசித்துக்கொண்டிருந்தவன் தலையில் ஒரு புள்ளியைக் கொண்டுவந்து போட்டார்கள். ஸ்கிரீன் மூலையில் இருக்கும், நான் வேலை செய்கிறேனா என்று ஆபீஸுக்குக் காட்டும். மவுஸ் அசைந்தால் பச்சை. அசையாவிட்டால் மஞ்சள், அப்புறம் சிவப்பு. ஆக, யோசிக்கிறவனுக்குச் சிவப்பு, மச்சான்! எங்கள் ஆபீஸில் சோடாபுட்டி என்று ஒருவர். புளுகைக் கண்டுபிடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஆடாமல் அசையாமல் படிப்பார். சிவப்பு மேல் சிவப்பு. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் ஏற்கெனவே வீட்டில்தான் இருந்தார், இப்போது வேலை இல்லாமல் அங்கேயே இருக்கிறார்.

நானும் யோசிக்கிறவன்தானே, எனக்கும் சிவப்பு விழ ஆரம்பித்தது. ஒரு கையால் மவுஸை ஆட்டிக்கொண்டே படித்துப் பார்த்தேன். கண்ணும் சேர்ந்து ஆடியது. கீபோர்டைச் சும்மா தட்டினேன். ஒரு லாரிக்காரர் பைலில் விபத்துக்கான காரணம் ‘ககககக’ என்று பதிவாகி, அதை மேலிடம் சரி என்று ஒப்புக்கொண்டும் விட்டது! இன்னொரு சிவப்பு விழுந்தால் சோடாபுட்டி கதிதான் என்று இருந்த சமயத்தில்தான் உன் அக்கா, நீ போன வருஷம் வாங்கிக் கொடுத்தாயே அந்த மோட்டார் தையல் மிஷின், அதைத் தூக்கி என் மேஜையின் மறு ஓரத்தில் வைத்தாள். வீட்டில் இருப்பதே ஒரு மேஜை. கடகடவென்று ஓட்டினாள். மேஜை குலுங்கியது. மவுஸ் குலுங்கியது. சிவப்பு பச்சையாகிவிட்டது! நான் துள்ளிக் குதித்துவிட்டேன். “என்னங்க, ஊசி குத்திடுச்சா?” என்கிறாள் இவள்.

அன்றிலிருந்து நான் கையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக யோசிக்கிறேன், அவள் தைக்கிறாள், புள்ளி பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஆபீஸிலேயே முதல் ஆள் நான்தான் என்று அறிவித்துவிட்டார்கள்! ‘கவனம் சிதறாமல் உழைப்பது எப்படி’ என்று எல்லோருக்கும் பேசச் சொன்னார்கள். பேசினேன். நன்றாகத்தான் போனது. நடுவில் மைக்கை அணைக்க மறந்துபோய், உன் அக்கா யாரோ ஒரு வாடிக்கையாளர் அம்மாவிடம், “போன தடவை அளவுல தச்சா மூச்சு விட முடியாது, சொல்லிட்டேன்” என்றது மட்டும் நிறுவனம் முழுக்கக் கேட்டுவிட்டது. எங்கள் டைரக்டரும் கொஞ்சம் பருமன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

அவள் கடைத்தெருவுக்குப் போனால் யார் ஓட்டுவது? நான்தான். துணி இல்லாமல் ஓட்டினால் நூல் சிக்குகிறது. சரி, கிடக்கிற சட்டையைத் தைப்போமே என்று கை வைத்தேன். கழுத்தில் கையைத் தைத்துவிட்டேன். அதாவது சட்டையின் கழுத்தில் சட்டையின் கையை. உரியவர் வந்து போட்டுப் பார்த்து, தலை எந்த வழியாக வரும் என்று கேட்டார். உன் அக்கா என்னைப் பார்த்தாள். நான் பைலைப் பார்த்தேன்.

இதோடு விட்டதா? கேமரா ஒன்று உண்டு, நினைத்தபோதெல்லாம் படம் எடுக்கும். கண்காணிப்பு மேடம் போன் செய்து, “முகம் வேணாம் சார், கை தெரியணும். கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்க” என்றார். சாய்த்து வைத்தேன். படத்தை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். “யாரும் பாக்க மாட்டாங்க சார், கம்ப்யூட்டர்தான் பாக்கும்” என்றார். உன் அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. சமையலறைக்குப் போக வேண்டுமானால் குனிந்து, தவழாத குறையாக மேஜையைத் தாண்டுகிறாள், கையில் சாப்பாட்டுத் தட்டோடு! நேற்று நிமிர்ந்து நின்று கேட்டாள்: “இது நம்ம வீடா, உங்க ஆபீஸா? என் வீட்டுல நான் தலைமுடியை அவிழ்த்துவிட்டு நடக்க முடியல. நான் எதுக்குக் குனியணும்?” நான் புள்ளியைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். சலவைக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை பார்த்திருக்கிறாள். திங்கட்கிழமை மிஷினோடு அங்கே போகிறாளாம். போர்டுகூட எழுதக் கொடுத்தாயிற்று. மிஷின் போனால் பச்சை போச்சு. பச்சை போனால் உன் அத்தான் போச்சு. நீ வாங்கிக் கொடுத்த மிஷின். நீ சொன்னால் கேட்பாள். இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே தைக்கச் சொல்லப்பா. கேட்கவே வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் குனிந்து போவதைப் பார்க்கும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பயமாக இருக்கிறது, மச்சான். இந்த வயதில் எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

இதோ இப்போதுகூடப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்று தெரியாது. ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம். உன் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். நீங்கள் எல்லோரும் யார் கண்ணிலும் படாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
பச்சையாக இருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: இதைச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து நேராக இருக்கிறது பார். கடிதத்தை மடிக்கப் போனேன், ஆபீஸ் போன் அடித்தது. கண்காணிப்பு மேடம். “சார், கடைசிப் பக்கத்துல உங்க முழங்கை மறைக்குது. ‘ஆனாலும் பயமாக’ன்னு இருக்கு, அதுக்கப்புறம் என்ன எழுதியிருக்கீங்க?” கேமராவை நிமிர்ந்து பார்த்தேன். “யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னீங்களே, மேடம்!” “மேஜையில பேப்பர் தெரிஞ்சா மட்டும் படம் எனக்கு வந்துடும் சார். பயப்படாதீங்க, மேல அனுப்பல.” அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கும் ஒரு புள்ளி இருக்கு சார். உங்க லெட்டரை அசையாம படிச்சிட்டிருந்தேனா, செவப்பாயிடுச்சு. இந்த மாசம் இது எனக்கு ரெண்டாவது. அந்த மிஷின் எங்க சார் கிடைக்கும்?”

திரும்பிப் பார்த்தால் மிஷின் நின்றிருக்கிறது. உன் அக்கா என் பின்னால் நின்று, நிமிர்ந்து நின்று, கடிதம் முழுவதையும் படித்து முடித்திருக்கிறாள். ஆகவே மேலே எழுதியது எதையும் அவளிடம் நீ சொல்ல வேண்டாம். திங்கட்கிழமை கடை திறக்கிறாள். மேடத்துக்குத் தைக்கத் தெரியுமா, கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று போனைப் பிடுங்கிக் கேட்டாள். தெரியுமாம், வருகிறாராம். நானும் வேலை கேட்டுப் பார்த்தேன். கழுத்தில் கை தைத்தவனுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டாள்.