விசில் வாத்தியாரின் எட்டு அடி

செவ்வாய்ப்பேட்டையில் விசில் வாத்தியாரைப் போல மனிதர்களைக் களைப்படைய வைத்தவர் வேறு யாருமில்லை. பகலெல்லாம் தறிக்குழியில் மிதித்த எங்கள் கால்கள், சாயங்காலம் அவருடைய சிலம்பக் கூடத்தை நினைத்தாலே நடுங்கும்.

முதல் உலகப் போரில் பட்டாளத்தோடு பஸ்ரா வரை போய்த் திரும்பியவர். வரும்போது ஒரு விசிலையும் டிரில் பைத்தியத்தையும் கொண்டுவந்தார். ஆனால் சிலம்பம் சொல்லித் தந்த தன் குருநாதர் சொன்னதையும் விடவில்லை. முதலில் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு, பழைய முறைப்படி ஒரே காலடி வரிசையை நூறு தடவை ஆட வேண்டும். பிறகு அதையே எட்டாக வெட்டி, விசிலுக்கு ஓர் அடியாக, 'ஒன், டூ' என்று வைக்க வேண்டும்.

"ரெண்டுல ஒண்ணு போதாதுங்களா?" என்றேன் ஒருநாள், மூச்சு வாங்க.

"அப்பன் ஆத்தாள்ல ஒருத்தரு போதும்பியா சாமி? எங்க குரு ஆறு மாசத்துல சொல்லித் தந்தது, நம்பர் போட்டா ஆறு வாரத்துல வருது. அதுக்காவ அவரை உட முடியுமா?"

ஆடித் திருவிழாவில் ஆத்தூர்க்காரர்களோடு போட்டி. எங்கள் பக்கம் முதல் ஆள் நான். வாத்தியார் விசிலை வாயில் வைத்தார். மூன்றாவது அடியில் பம்பை மேளக்காரர்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதன்பின் விசில் காதில் விழவே இல்லை. கம்பு தலைக்கு மேலே, இடது கால் முன்னே, நான் 'த்ரீ'யிலேயே நின்றேன். ஆத்தூர்க்காரன் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"ஏங்க, ஆட வந்தீங்களா, போட்டோவுக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே ஒன்று வைத்தான். எங்களில் அடுத்த மூன்று பேரும் அப்படியே நின்றார்கள், அப்படியே வாங்கினார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியார் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

மறுநாள் காலை எண்ணெய்க் கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்து, வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயோ, நீங்க போயி என்ற காலை..."

"சும்மா இரு சாமி. அடிபட்டா வாத்தியாருதான் எண்ணெ போடோணும். அது எங்க குரு மொறை." எண்ணெய் தொட்டு வீக்கத்தைச் சுற்றி நீவினார். பிறகு மெதுவாக, "நம்பரு கத்துக்கறதுக்கு மட்டுந்தான். கம்பு எதுக்க வந்தா அதை மறந்தரோணும். நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்" என்றார்.

அதிலிருந்து பழைய ஆட்டம், விசில் ஆட்டம் இரண்டும் முடிந்தபின், எண்ணாமல் ஒருவரோடொருவர் மோதவும் வைத்தார். களைப்பு மூன்று மடங்கானது. அடுத்த ஆடியிலும் தோற்றோம். ஆனால் அசைந்துகொண்டே தோற்றோம்.

முதல் போட்டியில் வாங்கிய அந்தக் கால்வலி மூன்றாம் நாளே போய்விட்டது. பத்து நாள் காலையில் வந்து நீவிவிட்டுப் போன வாத்தியாரிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.