ஆமைக்குப் போன தலையணை

மீன்வளத் துறைத் தலைமை அலுவலகத்தில் மதிப்போடு வீற்றிருக்கும் மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. உங்கள் தங்கை சுகம். இருபத்தெட்டு வருடமாகக் கடலுக்குப் போய்வரும் எனக்குத்தான் சொந்தப் படகிலேயே சுகம் போயிற்று. எழுத்தில் கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

வலையில் என்னென்ன சிக்குகிறது என்று எழுதிவைக்க இனிப் படகுக்கு ஒரு கண்காணிப்பாளர் வருவார் என்று உங்கள் துறை அறிவித்ததல்லவா? திங்கட்கிழமை காலை அந்த ஆள் என் விசைப்படகில் ஏறினார். பார்த்தால் என் மகள்! "ஆபீஸ் வேலை கெடச்சிருக்குப்பா" என்று மட்டும் சொல்லியிருந்தாள், அமுக்குணி. நேராக என்னிடம் வந்து, "படகு எப்போ கிளம்பும் சார்?" என்றாள். பெற்ற அப்பனைப் பார்த்துச் சார், மச்சான்! முதல் வலையை இழுத்தால் பாதிக்குப் பாதி விரல் நீள மீன்குஞ்சுகள், நடுவில் மூச்சுப் பேச்சில்லாமல் ஓர் ஆமை. வழக்கம்போலப் படகு டிரைவர் அதைத் தூக்கிக் கடலில் போடப் போனார். "கீழ வைங்க! மயக்கத்துல இருக்கு, இப்பத் தண்ணில போட்டா செத்துடும்" என்று மகளிடமிருந்து ஓர் அதட்டல். ஆமையின் பின்பக்கம் உயரமாக இருக்கவேண்டுமாம். என் தலையணை போயிற்று. முதுகு ஈரமாக இருக்கவேண்டுமாம்; என் துண்டும் போயிற்று. நான்கு மணி நேரம் நானே தண்ணீர் தெளித்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட யாரும் இப்படிப் பார்த்ததில்லை. ஒருவழியாக அது கண்ணைத் திறந்து என்னை முறைத்தது. கடலில் விட்டோம். மகள் கண் கலங்கினாள். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அளவுகோலை எடுத்து வலைக் கண்ணியை அளந்தாள் பாருங்கள்! கண்ணி சட்டத்துக்குச் சின்னதாம், குஞ்சுகூட அந்த ஓட்டையில் தப்ப முடியாதாம், படகு இரண்டு வாரம் கட்டிக்கிடக்க வேண்டுமாம், ஆமை தப்பிப் போக வலையில் வாசல் வைக்கவேண்டுமாம். வலையில வாசல்! அப்புறம் அழைப்பு மணியும் வைக்கணுமா? வீட்டுக்கு வந்து உங்க தங்கச்சிகிட்ட நான் குமுறினா, "அவ வேலைய அவ ஒழுங்காப் பாத்தா. நீங்க ஒழுங்கான வலையோட போயிருந்தா என்ன?"ங்கறா.

ஆகவே தாய்மாமனான நீங்கள் தயவுசெய்து அவளைக் குழாயில்கூட உப்புத் தண்ணீர் வராத ஊருக்கு மாற்றிவிடவும்.

உங்கள் வீட்டு அக்காவுக்கு வணக்கம். உங்கள் பிள்ளைகள் நூறாண்டு வாழட்டும். மீன்வளப் படிப்பில் மட்டும் சேர்க்காதீர்கள்.

அதிர்ச்சி நீங்காத,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் அழுதுகொண்டு வந்தாள். அப்பன் படகு இருக்கும் இடத்தில் வேலை பார்க்கக் கூடாதென்று உங்கள் துறையே அவளை வேறொரு துறைமுகத்துக்கு மாற்றிவிட்டதாம். "அங்க போயி ஆமையக் கீழ வைங்கன்னா எவன்ப்பா கேப்பான்?" என்கிறாள். மச்சான், மேலே எழுதியது எதையும் படிக்காதீர்கள். வாசல் வைக்க வலையை நானே பிரித்துப் போட்டுவிட்டேன். எப்பாடுபட்டாவது அந்த உத்தரவை நிறுத்துங்கள். முடியாதென்றால் என் படகையும் அதே துறைமுகத்துக்கு மாற்றிக் கொடுங்கள். நான் அவள் அப்பன் என்று நாங்கள் இரண்டு பேரும் யாரிடமும் மூச்சுவிட மாட்டோம்.