தராசில் நிற்காத தக்காளி

நேற்று மாலை செடி கொள்ளாமல் தொங்கிய தக்காளி, இன்று காலை தராசில் ஏறியபோது பாதியாகியிருந்தது. ஆராய்ச்சியாளர் தராசைத் தட்டிப் பார்த்தார். முள் அசைந்து கொடுக்கவில்லை.

பக்கத்துப் பாத்தியில் பழைய ரகம் கூடை கூடையாக நிறைந்தது. எது அதிகம் காய்க்கிறதோ அதன் விதைதான் விவசாயிகளுக்குப் போகும். தோற்றது குப்பைக்கு. புது ரகமோ, பூவுக்குப் பூ மகரந்தம் சேர்த்து, தலை நரைக்க அவர் உருவாக்கியது. அதில் ஒரு பழத்தைக் கையில் எடுத்தாலே பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதுபோல அவர் முகம் மலர்ந்துவிடும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பாள் மனைவி.

பறவைதான் தின்கிறது என்று வலை கட்டினார். பழங்கள் கொத்துப்படாமல் பளபளத்தன. எடை இன்னும் குறைந்தது.

எலியாக இருக்கும் என்று பொறி வைத்தார். அதில் அவருடைய கால் கட்டைவிரல்தான் சிக்கியது.

கடைசியில் ஆராய்ச்சி நிலைய இயக்குநரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு காவலாளியைப் போட வைத்தார். அதன் பிறகு எடை அதலபாதாளத்துக்குப் போனது.

"ஒரு ஈ காக்கா உள்ள வரலீங்க ஐயா," என்றார் காவலாளி, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு.

அப்படியானால் குறை செடியில்தான். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"காய்க்கலைன்னா காய்க்கலைன்னு ஒத்துக்கிட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"காய்க்குது. என் கண்ணால பாத்தேன்."

முடிவு சொல்லும் நாளில் இயக்குநர் காரில் வந்து இறங்கினார். எடைக் கணக்கைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். நாளைக்கே செடிகளைப் பிடுங்கிவிடச் சொன்னார்.

"எடை குறைச்சல்தான் சார். ஆனா பழம் நல்ல பழம்," என்றார் ஆராய்ச்சியாளர். தலை குனியவில்லை.

"நல்ல பழம்னா என்னன்னு எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. கொஞ்ச நாளா ஒரு தக்காளி வருது, எங்க வீட்டம்மா வேற எதையும் அடுப்படியில சேர்க்கிறதில்ல. உருவாக்கினா அப்படி ஒண்ணை உருவாக்கணும்."

காரின் கதவைத் திறந்து பிடித்திருந்த டிரைவர் கவலையோடு காவலாளியைப் பார்த்தார். பிறகு இயக்குநரிடம் மெல்லக் கேட்டார்:

"செடியைப் பிடுங்கிட்டா, நாளையிலேர்ந்து அம்மாவுக்கு நான் எங்கேங்க ஐயா பறிக்கிறது?"