மாப்பிள்ளை அழைப்பும் கவலைத் தோல் பிரேக்கும்

பரமத்தி வேலூர்
பகுதானிய வருஷம், தை மாதம்

மகாராஜராஜஸ்ரீ ஜலகண்டாபுரம் மைத்துனர் காளியண்ணன் அவர்கள் சமூகத்துக்கு, செங்கோடன் வணக்கமாய் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் தங்கள் தங்கை மயிலம்மாளும் வெற்றிலைக் கொடிக்காலும் மாடு கன்றுகளும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் மகள் கல்யாணப் பெண் ராசம்மாளும் மற்ற எல்லோரும் அப்படியே இருக்கக் காவேரித் தாய் அருள வேண்டும். என் மோட்டார் வண்டியும் சுகந்தான். அதைப் பற்றியே இந்தக் கடிதம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மாப்பிள்ளை அழைப்புக்குச் சேந்தமங்கலம் கைலாசத்தின் வண்டியை ஏற்பாடு செய்துவிட்டதாகவும், நான் பந்திக்கு வாழையிலை கொண்டுவந்தால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தங்கள் மூத்த தங்கையைக் கட்டியவன் இலைக்கட்டோடு பஸ்ஸில் வருவதாம், இளைய தங்கை சாலம்மாளைக் கட்டியவன் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மேளத்துக்குப் பின்னால் ஊர்ந்து வருவதாம். இது எந்த ஊர் நியாயம், மச்சான்? அவனிடம் இருக்கிற வண்டிதானே என்னிடமும் இருக்கிறது, அதே கம்பெனி, அதே மாடல்? அவன் வாங்கியதைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன் என்று மயிலம்மாள் சொல்லித் திரிகிறாள். நான் அதற்கு முந்தியே மனதுக்குள் நினைத்திருந்தேன், வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

என் வண்டியில் பிரேக் தேய்ந்துவிட்டது, மேளக்காரர்களை இடித்துவிடும் என்று காரணம் சொல்கிறீர்கள். கீச்சிட்டது உண்மை. ஆனால் கைலாசம் தன் வண்டிக்குத் தானே பிரேக் போட்டுக்கொண்டான் என்று நீட்டி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை அறுக்கிறது. இங்கேயும் அதே பாட்டுத்தான். "சாலா ஊட்டுக்காரரு சக்கரத்தக் கழட்டி, பழசப் பேத்து, புதுசு வெச்சு ஆணியடிச்சு, ஒரே பொழுதுல முடிச்சுட்டாராமுங்க. மேலுல ஒரு பொட்டு வண்டி மை ஒட்டலையாமுங்க" என்கிறாள் தங்கள் தங்கை. கைலாசத்தின் மேலில் மை ஒட்டாதது என் வீட்டில் தினமும் தொடுகறி ஆகிவிட்டது.

சரி, அவன் செய்ததை நான் செய்ய மாட்டேனா என்று சேலம் போய், பிரேக்குக்கு உள்ளே வைத்து ஆணியடிக்கிற பட்டை கேட்டேன். கடைக்காரர், "இருந்ததச் சேந்தமங்கலத்துக்காரரு வாங்கிட்டுப் போயிட்டாருங்க. அவராட்டம் வெவரமான ஆளு நம்ம பக்கத்துல ஏதுங்க?" என்றார். கடைசிப் பட்டையையும் அவன் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான், மச்சான். வயிறு எரிய பஸ் ஏறினேன். வரும் வழியில்தான் யோசனை வந்தது. மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நம் கவலையின் எருமைத் தோலைவிட எந்தச் சீமைப் பட்டை உழைத்துவிடும்? வருஷக்கணக்காய்க் கல்லில் உரசியும் தேயாத தோல் அல்லவா?

எல்லாம் நானே செய்தேன். ஜாக்கி வைத்துத் தூக்கினேன், அது சாய்ந்தது, மறுபடி தூக்கினேன். சக்கரத்துக்குள் இருக்கிற டிரம் வெளியே வர மறுத்தது, உலக்கையால் தட்டினேன், உலக்கை உடைந்தது, அதற்கும் மயிலம்மாள் கைலாசத்தின் பெயரைச் சொன்னாள். ஒரு வில் கம்பி எகிறிப் போய் அடுப்பிலிருந்த குழம்பில் விழுந்தது, அதை அகப்பையால் எடுத்தோம். தோலை அளவாய் வெட்டிச் செம்பு ஆணியால் அடித்தேன். எண்ணெய் காட்டாமல் எந்தக் குடியானவனாவது கவலைத் தோலைப் பூட்டுவானா? வெடித்துவிடுமே. ஆகவே நாலு சக்கரத்துக்கும் விளக்கெண்ணெய் ஊற ஊறத் தடவிப் பூட்டினேன். பிறகு கீச்சென்ற சத்தமே இல்லை. கைலாசத்தின் வண்டியில் சன்னமாக ஒரு சத்தம் உண்டு என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

ஒத்திகை பார்க்காமல் கல்யாணத்துக்கு வருகிற ஆளா நான்? தவில்காரர் பொன்னனை வரவழைத்து, வாய்க்காலுக்கு இறங்குகிற தடத்தில் வாசித்துக்கொண்டே முன்னால் நடக்கச் சொன்னேன். மாப்பிள்ளைக்குப் பதில் ஒரு வாழைத்தாரைப் பின் சீட்டில் வைத்து, அதற்கு உருமாலைத் தலைப்பாகையும் கட்டினேன். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் வெண்ணெயை மிதித்த மாதிரி இருந்தது. பொன்னன் திரும்பிப் பார்த்து, "ஏனுங்க சாமி, ரொம்பக் கிட்ட வாரீங்க" என்றார். "நான் வரலீங்க, வண்டி வருதுங்க" என்றேன். அவர் முதலில் தாளத்தைத் துரிதமாக்கினார், பிறகு காலையும். கைப் பிரேக்கை இழுத்தேன், அதுவும் அதே தோலைத்தான் போய்ப் பிடிக்கிறது. பொன்னன் தவிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கரும்புக்குள் பாய்ந்தார். வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. நின்றது என்பதைக் கவனிக்கவும். மாப்பிள்ளையில், அதாவது வாழைத்தாரில், ஒரு காய்கூட நசுங்கவில்லை. பொன்னன் மட்டும், "நான் வாசிக்க வந்தனுங்க, ஓடறதுக்கு வரலீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகையால் கைலாசத்தை வேண்டாமென்று உடனே எழுதிவிடவும். அவன் போட்ட பிரேக்கை யார் கழற்றிப் பார்த்தார்கள்? எனக்குப் பொறாமை என்கிறாள் மயிலம்மாள். ஆமாம், பொறாமைதான். அவன் சிரித்தாலே எனக்கு எரிகிறது. ராசம்மாளின் மாப்பிள்ளை என் வண்டியில் வராவிட்டால் அந்தப் பந்தலுக்குள் நான் எந்த முகத்தோடு நுழைவேன்? சற்று யோசிக்கவும்.

ராசம்மாள் மஞ்சள் குங்குமத்தோடு நூறு வருஷம் வாழட்டும். பெரியவர்களுக்கு என் கும்பிடு. சேந்தமங்கலத்தாருக்கு, அவர்களாகக் கேட்டால், சுகம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்
செங்கோடன்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். கிழித்துப் போட்டு வேறு எழுதியிருப்பேன், தபால்காரர் வாசலில் நிற்கிறார். மயிலம்மாள் எனக்குத் தெரியாமல் ஆள் அனுப்ப, கைலாசம் தன் வண்டியில் வந்து இறங்கிவிட்டான். மாடு பூட்டி என் வண்டியைக் கரையேற்றினான், சக்கரத்தைக் கழற்றி முகர்ந்து பார்த்தான். "ஏனுங்ண்ணா, வெளக்கெண்ணெயுங்களா?" என்று மட்டும் கேட்டான். பிறகு தன் வண்டியில் போட்டிருந்த புதுப் பிரேக்கைக் கழற்றி என் வண்டிக்கு மாட்டிவிட்டான். ஒரே மாடல் ஆனதால் பொருந்திவிட்டது. "மாப்பிள்ளை உங்க வண்டியிலயே வரட்டுங்ண்ணா. நான் எலைக்கட்ட எடுத்துக்கிட்டு பஸ்ஸுல வாரேன்" என்கிறான். சொல்லும்போது கேலியாக ஒரு சிரிப்புக்கூட இல்லை. அவன் மேலில் ஒரு பொட்டு மை இல்லை, நானே பார்த்தேன். இத்தனை நாள் கெட்டிக்காரன் என்றுதான் பொறாமைப்பட்டேன், இனி நல்லவன் என்று வேறு பொறாமைப்பட வேண்டும். மாப்பிள்ளை என் வண்டியிலேயே வருவார். வண்டி யாருடையது என்று கேட்பவர்களுக்கு என் பெயரைச் சொல்லவும். பிரேக் யார் போட்டது என்று எவனாவது கேட்டால், மேளத்தைக் கொஞ்சம் பலமாக வாசிக்கச் சொல்லவும்.